போர் என்று பெயர் வைக்காத போர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டின் மீது படையை அனுப்ப ஓர் அரசுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது என்று இந்த முறை பலர் கேட்டிருக்கிறீர்கள். ஈரோடு நீதிமன்றத்தில் வரப்பு வழக்கும் வாடகை வழக்கும் நடத்திப் பழகிய எனக்கு, சர்வதேசச் சட்டம் ஓய்வுக் காலத்துப் படிப்பு. பாதிக் கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. அவற்றைச் சேர்த்துச் சில கேள்விகளாகத் தருகிறேன்.

அமெரிக்க அதிபர் நினைத்த இடத்தில் குண்டு போடச் சொல்கிறார். அவரைக் கேட்க அந்த நாட்டில் ஆளே இல்லீங்களா? (பெருந்துறை வாசகர்)

ஏட்டளவில் இருக்கிறது. போரை அறிவிக்கும் அதிகாரத்தை அவர்களுடைய அரசியல் சாசனம் நாடாளுமன்றமான காங்கிரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதிபர் முப்படைத் தலைவர். அதாவது சண்டையை நடத்துபவர் ஒருவர், சண்டை வேண்டுமா என்று முடிவு செய்பவர் இன்னொருவர். ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், ஈராக் எல்லாமே அறிவிக்காமல் நடந்தவை. கொரியாவில் பல ஆயிரம் பேர் செத்துக்கொண்டிருந்தபோது அதை 'போலீஸ் நடவடிக்கை' என்றுதான் சொன்னார்கள்.

வியட்நாமில் சூடுபட்ட பிறகு காங்கிரஸ் 1973-இல் போர் அதிகாரத் தீர்மானத்தைக் கொண்டு வந்தது. அதிபர் நிக்சன் அதை நிராகரித்தார். காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டு அவரை மீறிச் சட்டமாக்கியது. அதன்படி படையை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் நிறுத்த வேண்டும். படையைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர மட்டும் மேலும் 30 நாள் உண்டு.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். 1999-இல் கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு வீசினார்கள். நடுவில் அதற்கு ஒப்புதல் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 213-க்கு 213 என்று சமமாகி விழுந்தது. சரி, நிறுத்தினார்களா? செலவுக்குப் பணம் ஒதுக்கியதே அனுமதி மாதிரிதான் என்று கிளின்டன் அரசு சொல்லிவிட்டது. 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியது. தரையில் எங்கள் படை இல்லை, எங்கள் ஆட்களுக்குச் சேதம் இல்லை, ஆகவே இது சட்டம் சொல்லும் 'மோதல்' ஆகாது என்று ஒபாமா அரசின் வக்கீல்கள் வாதாடினார்கள். வக்கீல் என்ற முறையில் அந்த வாதத்தின் சாமர்த்தியத்தை ரசிக்கிறேன். நீதிபதியாக இருந்தால் ஏற்றிருக்க மாட்டேன். ஆனால் அங்கே இத்தகைய வழக்கு நீதிபதி வரை போவதே அபூர்வம். இது அரசியல், எங்கள் வேலை இல்லை என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகின்றன.

ஜெர்மனியில் கதை வேறு. ஆயுதத்தோடு படை வெளியே போவதென்றால் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும் என்று 1994-இல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றமே கறாராகச் சொல்லிவிட்டது. பிரிட்டனில் எழுதிய சட்டம் எதுவும் இல்லை, வழக்கம்தான். 2013-இல் சிரியா மீதான நடவடிக்கைக்கு நாடாளுமன்றம் 285-க்கு 272 என்று மறுத்தது, அரசும் அடங்கியது. 2018-இல் அதே சிரியாவை, நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே தாக்கினார்கள்.

நம் பிரதமர் படை அனுப்ப நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டுமா? (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் ஆசிரியை)

வேண்டியதில்லை. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நம் சாசனத்தின் 53-ஆம் பிரிவு முப்படைகளின் உச்ச அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதைப் பயன்படுத்தும் விதத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தும் என்கிறது. 'போரும் அமைதியும்' ஒன்றியப் பட்டியலில் 15-ஆவதாக இருக்கிறது. ஆகவே நாடாளுமன்றம் விரும்பினால் அமெரிக்கா மாதிரி ஒரு சட்டம் போடலாம். இன்று வரை போடவில்லை. நடைமுறையில் முடிவு பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவிடம்.

நெருக்கடி நிலையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 352-ஆம் பிரிவில் நெருக்கடி நிலை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும். அது உள்நாட்டு அதிகாரத்தைப் பற்றியது. படை எல்லை தாண்டுவதற்கு அந்த அறிவிப்பே தேவையில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் 1987. ஜூலை 29-இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நாளே நம் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. நாடாளுமன்றத்தில் ஓட்டு எதுவும் எடுக்கவில்லை. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு முழுச் சண்டையில் இருந்தது. போன வேலை வேறு, நடந்த வேலை வேறு. அப்போதாவது புதிதாக அனுமதி கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சர்வதேசச் சட்டப்படி இலங்கை அரசின் சம்மதம்தான் அந்தப் படைக்கு அஸ்திவாரம். 1989-இல் இலங்கை அதிபர் பிரேமதாசா கிளம்பச் சொன்னதும் அந்த அஸ்திவாரம் ஆடியது. கடைசிச் சிப்பாய் திரும்பியது 1990 மார்ச்சில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பவில்லை. அங்கே இறந்த சாதாரணத் தமிழர் எத்தனை பேர் என்ற கணக்கு இன்னும் தகராறில்தான் இருக்கிறது.

ஆனால் நாடாளுமன்றம் வாயைத் திறந்தால் பலன் உண்டு. 2003 ஏப்ரலில் ஈராக் போரைக் கண்டித்து மக்களவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அமெரிக்கா நம் படையைக் கேட்டபோது, ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்தது. தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டாது. இருந்தாலும் மறுப்பதற்கு அது கைகொடுத்தது என்பது என் கணிப்பு. அப்புறம் பட்ஜெட் இருக்கிறது. அவை ஒப்பாமல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

தற்காப்புக்காக முதலில் அடிக்கலாமா? (பவானி, பிளஸ் டூ மாணவி)

நல்ல கேள்வி அம்மிணி. பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பை வெட்டுகிறார் என்று வை. போலீசுக்குப் போக நேரம் இருக்கும்போது மண்வெட்டியை ஓங்கினால், நீதிமன்றத்தில் 'தற்காப்பு' என்று சொல்லித் தப்ப முடியாது. அவர் அரிவாளோடு உன்மேல் பாய்ந்தால் திருப்பி அடிக்கலாம், அதுவும் தேவையான அளவுக்கு.

ஐ.நா. சாசனமும் கிட்டத்தட்ட இதே வரப்பு நியாயம்தான். 2(4)-ஆம் பிரிவு: பலத்தைப் பயன்படுத்தாதே, மிரட்டவும் செய்யாதே. விதிவிலக்கு இரண்டு. ஒன்று, பாதுகாப்புச் சபையே அனுமதிப்பது. இன்னொன்று 51-ஆம் பிரிவு: ஆயுதத் தாக்குதல் நடந்தால், சபை நடவடிக்கை எடுக்கும் வரை தற்காத்துக்கொள்ளலாம். செய்ததை உடனே சபைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடி விழுவதற்கு முன்பே அடிப்பதுதான் இழுபறி. அதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1837-இல் நயாகரா ஆற்றில் நடந்த சம்பவம். கனடாவில் கலகக்காரர்களுக்கு உதவிய கரோலைன் என்ற அமெரிக்க நீராவிப் படகை, ஆங்கிலேயப் படை அமெரிக்கக் கரையிலேயே புகுந்து கொளுத்தி ஆற்றில் விட்டது. அப்புறம் நடந்த கடிதப் போக்குவரத்தில் அமெரிக்க அமைச்சர் வெப்ஸ்டர் ஓர் அளவுகோல் வைத்தார்: ஆபத்து கண்முன் நிற்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க அவகாசமோ இருக்கக் கூடாது. இன்றைக்கும் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். 2019-இல் பாலாகோட் தாக்குதலை நம் வெளியுறவுத் துறை 'ராணுவம் சாராத, முந்திக்கொண்ட நடவடிக்கை' என்று சொன்னது. ஒவ்வொரு சொல்லும் நிறுத்துப் போட்டது. இலக்கு பாகிஸ்தான் ராணுவம் அல்ல என்பது ஒரு பாதி. தாக்குதல் வரவிருந்தது என்பது மறுபாதி.

உனக்கு ஒரு கொசுறுத் தகவல். 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவுக்காக இந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆற்காடு ராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும். இரண்டாமவர் பிறந்தது நம் கரூர்ப் பக்கம் காவிரிக்கரை வாங்கல். அந்த ஊர் வழியாகப் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன், இது தெரியாமலே.

வீட்டோ உள்ள நாடே தப்புச் செய்தால்? (நாமக்கல்)

வீட்டோ என்றால் பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தை ஒற்றை ஓட்டில் தடுக்கும் அதிகாரம். ஆகவே தீர்ப்பு வரும், நிறைவேறாது. 1986-இல் சர்வதேச நீதிமன்றம், நிகரகுவா நாடு தொடுத்த வழக்கில் அமெரிக்கா சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அதை மதிக்கச் சொல்லிப் பாதுகாப்புச் சபைக்கு வந்த தீர்மானத்தை அமெரிக்காவே வீட்டோ செய்தது. எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் மேலேயே பிராது வந்தால் நடப்பதுதான்.

செங்கடல் சண்டையில் சரக்கு மாட்டினால் காப்பீடு கிடைக்குமா? யாரும் போர் அறிவிக்கவில்லையே! (திருப்பூர், பனியன் ஏற்றுமதியாளர்)

அரசுகள் 'போர்' என்ற சொல்லுக்குப் பயப்படும். காப்பீட்டுக் கம்பெனிகள் பயப்படாது. உங்கள் குடோனுக்கு எடுத்திருக்கும் தீ காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விலக்குகளில் போர், படையெடுப்பு, போர் போன்ற நடவடிக்கை என்று அடுக்கி, 'அறிவித்திருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று ஒரு வரி இருக்கும். கப்பல் சரக்குப் பத்திரத்திலும், சண்டையிடும் தரப்பின் பகைச் செயல் எதுவாக இருந்தாலும் விலக்குத்தான். ஆகவே செங்கடலில் கப்பல்களைத் தாக்கிய ஹவுதிகள் மீது 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஏமனில் குண்டு போட்டதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது உங்களுக்குப் பொருட்டே இல்லை.

போர் ஆபத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றைக் கவனியுங்கள். அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் சரக்கு கப்பலில் இருக்கும்போது மட்டும். தூத்துக்குடிக் கிடங்கில் இருக்கும்போது கிடையாது. கம்பெனி ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து, இனி கிளம்பும் சரக்குக்கு இதை ரத்து செய்யலாம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்த் தாமதமானதால் வாங்குபவர் விலையைக் குறைத்தால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான். தாமதத்துக்குக் காப்பீடு கிடையாது. ஆர்டர் எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்காரன் கொங்கு நாட்டைப் பிடித்தபோது இப்படிச் சட்டம் எதுவும் அவனைத் தடுக்கவில்லையா? (சங்ககிரி)

இந்தக் கடிதம் வந்த அன்று எனக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் தடுத்தது!

1784-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்தப் பிரதமர் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 34-ஆம் பிரிவு, இந்தியாவில் நாடு பிடிப்பதும் ஆட்சியை விரிப்பதும் தங்கள் நாட்டின் விருப்பத்துக்கும் கௌரவத்துக்கும் கொள்கைக்கும் விரோதம் என்று தொடங்கும். லண்டன் உத்தரவு இல்லாமல் கவர்னர் ஜெனரல் போர் அறிவிக்கவோ சண்டை தொடங்கவோ, அதற்காக ஒப்பந்தம் போடவோ கூடாது. விலக்கு: எதிரி ஏற்கெனவே சண்டையைத் தொடங்கியிருந்தால், அல்லது அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தால். ஒப்பந்தப்படி கம்பெனி காக்க வேண்டிய அரசர்கள் தாக்கப்பட்டாலும் அப்படியே.

கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் என்ன செய்தார்? புது ஒப்பந்தம் போட்டால் சட்ட மீறல். ஆகவே 1789-இல் ஹைதராபாத் நிஜாமுக்கு ஒரு 'கடிதம்' எழுதினார். ஒப்பந்தம் போலவே அது கட்டும் என்றும் சொன்னார். நிஜாமுக்குக் கொடுக்கும் கம்பெனிப் படையை அவர் யார்மேல் ஏவக் கூடாது என்ற நண்பர் பட்டியலில் திப்புவின் பெயர் இல்லை. அந்த வருடக் கடைசியில், கம்பெனி காக்க வேண்டிய திருவிதாங்கூரின் எல்லைக் கோட்டையைத் திப்பு தாக்க, விலக்கும் கைக்கு வந்தது. 1790-இல் கம்பெனித் தளபதி மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கெஜலெட்டிக் கணவாய் இறங்கிவர, சத்தியமங்கலத்தில் சண்டை.

1793-இல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது அதே தடையை மறுபடி எழுதினார்கள். 1799-இல் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லிக்கு, திப்பு பிரெஞ்சுக்காரரோடு பேசியதே 'தயாராவது' ஆகிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, கொங்கு முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. அதன்பிறகு இங்கே எதிர்த்து நின்றவர்கள் வெளிநாட்டு எதிரிகள் இல்லை, உள்நாட்டுக் கலகக்காரர்கள். ஓடாநிலையில் கோட்டை கட்டி நின்ற தீரன் சின்னமலையோடு சண்டையிட அந்தச் சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1805-இல் உங்கள் ஊர்க் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டபோதும் அந்தத் தடை சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது.