தத்தெடுத்த வயதான பூனையின் கண்ணுக்கு

பத்து வயதுப் பூனையைத் தத்தெடுத்திருக்கிறீர்கள், மிக நல்ல காரியம். இடது கண்ணில் நீர் வடிகிறது, பாதி மூடியே இருக்கிறது, வீட்டில் நமக்காக வாங்கிய சொட்டு மருந்தை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு அதை ஆறவிடாது, இன்னும் ஆழமாக்கிவிடும்.

பூனை கண்ணைச் சுருக்கினாலே வலிக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் இன்றே, தவறினால் நாளை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஃபுளோரசின் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். புண் உள்ள இடம் பச்சையாகத் தெரியும். சென்னையில்தானே இருக்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

வீடு மாறியதும் காரணமாக இருக்கலாம். பல பூனைகளுக்குக் குட்டியாக இருக்கும்போதே ஹெர்பெஸ் வைரஸ் தொற்றி உடம்பில் தங்கிவிடும். மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைகாட்டி, கண்ணைப் பாதிக்கலாம். பயப்படாதீர்கள், அது மனிதருக்குத் தொற்றாது. வேறு பூனை இருந்தால் மட்டும் தனியே வையுங்கள்.

வயதை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்: ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ தைராய்டு கோளாறோ உள்ள வயதான பூனைகளுக்கு அழுத்தம் ஏறி, விழித்திரை பிரிந்து, திடீரென்று பார்வை போய்விடலாம். நல்ல வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தால், சுவரில் முட்டினால், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

அதுவரை, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. அப்புறம், மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.