வாசகர் கடிதம்: ஸ்பானிஷ் தெரியாத காது

அன்புள்ள அக்கா,

வணக்கம். திருகோணமலை லிங்கநகரில் இருந்து எழுதுகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகளை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். 2025 இல் வந்த பொப், ரொக், ஹிப் ஹொப் அல்பங்களைப் பற்றி மார்கழியில் நீங்கள் எழுதிய தொகுப்பில், புவேர்ட்டோ ரிக்கோப் பாடகர் பாட் பன்னியின் 'டெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்'தான் அந்த வருடத்தின் முதலாவது என்று சொல்லியிருந்தீர்கள். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று நீங்களே பல தரம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லும் விளங்காத அல்பத்தை எப்படி முதலாவது என்கிறீர்கள்? பெப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்ததும் "அக்கா சொன்னது சரிதானே" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

அதே தொகுப்பில் கீஸ் என்ற அமெரிக்க ரொக் குழுவின் 'கெட்டிங் கில்ட்' அல்பத்தை, "கூச்சல், முதல் பாட்டைத் தாண்ட முடியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆங்கிலம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் அதை ஐம்பது தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். முதல் பாட்டோடு நிறுத்திவிட்டு அபிப்பிராயம் சொல்வது நியாயமா? கடைசிப் பாட்டையாவது ஒரு இரவு டச்சுக்குடாக் கடற்கரையில் இருந்து கேட்டுப் பாருங்கள். டெய்லர் ஸ்விஃப்டுக்கும் இரண்டே இரண்டு வரிதான்.

குறை நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
கே.

அன்புள்ள தம்பி,

குறை நினைக்க ஒன்றுமில்லை. கடிதத்தின் இரண்டாம் பாதியில் நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். முதல் பாதியோடுதான் எனக்கு வழக்கு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராமியை விட்டுவிடுவோம். முழுக்க ஸ்பானிஷில் பாடிய அல்பம் ஒன்றுக்கு ஆண்டின் சிறந்த அல்பம் என்ற விருது கிடைத்தது இதுதான் முதல் தடவை. அது பெரிய விஷயம்தான். ஆனால் நான் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த அல்பத்தின் அட்டையைப் பாருங்கள். வாழைகளுக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள். ஒருவரும் அதில் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்திலும் அப்படியொரு கதிரை கிடக்கிறது. வெயிலில் வெள்ளை மங்கி, தொட்டால் கையில் மா மாதிரி ஒட்டும். அதன் பின்னங்கால் ஒருநாள் வெடித்துவிட்டது. அப்பா ஆணி ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வெடிப்பின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டு, தங்கூசியால் தைத்தார். வலை பொத்துகிறவர்கள் போடுகிற முடிச்சு. அப்பா போய்ப் பதினைந்து வருடம். அந்தத் தையல் இன்னும் விடவில்லை.

அல்பத்தின் பெயருக்கு 'இன்னும் கூடுதலாகப் படம் எடுத்திருக்க வேணும்' என்று அர்த்தம். எங்களிடம் அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1990 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது படங்கள் ஒட்டிய அல்பம் அலுமாரிக்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. செத்தவீட்டுக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். பெருப்பித்ததில் முகம் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோய், கிட்டப் போனால் ஆள் தெரியாது, தள்ளி நின்றால்தான் அப்பா. இந்த ஊரில் எத்தனை சுவர்களில் அப்படிப் படங்கள் தொங்குகின்றன என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும் எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சொல்லும் அவ்வளவு அந்நியமில்லை, தம்பி. நாற்காலியை நாங்கள் ஏன் கதிரை என்கிறோம்? போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஆடுகிறோமே, அந்த பைலாவும் அவர்களின் 'ஆடு' என்ற சொல்லில் இருந்து வந்ததுதான். ஸ்பானிஷிலும் ஆட்டத்துக்கு 'பைலே' என்றுதான் பெயர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் கதைத்த மண் இது. 'பைலே இனோல்விடப்ளே' என்று பாட்டின் பெயரைப் பார்த்தபோது முதல் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அந்தப் பாட்டை மட்டும் கொஞ்சம் கிட்ட நின்று கேளுங்கள். ஆறு நிமிடம். தொடக்கத்தில் இழுபட்ட மின்னிசை, அதற்கு மேல் சோர்ந்துபோன குரல் ஒன்று திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறது. ஆள் அழுகிறார் என்று நினைக்கிற நேரத்தில் ட்ரம்பெட்டும் மேளமும் பியானோவும் ஒன்றாக உள்ளே விழுகின்றன, சோகம் முழு சல்சாவாகிவிடுகிறது. வாசிப்பவர்கள் புவேர்ட்டோ ரிக்கோவின் இசைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள். உலகத்தில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுகிற பாடகர்களில் ஒருவர், கணினித் தாளத்தை வைத்துப் பெயரெடுத்தவர், தன் ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களின் தாத்தாமார் ஆடிய இசையை வாசிக்க வைத்திருக்கிறார். வேறு பாட்டுகளில் அந்த ஊர் நாட்டார் இசையான பிளேனா வருகிறது, கையில் பிடித்துத் தட்டுகிற தோல் வாத்தியத்தோடு. எங்கள் றபானின் தம்பி மாதிரி இருக்கும். தாளம் வேறு, பைலாவின் ஆறெட்டு நடை அதில் இல்லை. ஆனால் தெருவில் நின்று பலர் சேர்ந்து தட்டுகிற சத்தம் என்பது காதுக்கு உடனே தெரிகிறது.

யூடியூப்பில் அந்தப் பாட்டுகளுக்கு ஓடுகிற எழுத்துகள் பாட்டின் வரிகள் இல்லை. ஹொரெல் மெலெண்டெஸ் பதில்லோ என்ற வரலாற்றாசிரியர் எழுதிய புவேர்ட்டோ ரிக்கோவின் சரித்திரக் குறிப்புகள் அவை. போனில் மொழிபெயர்த்து மூன்று இரவு இருந்து வாசித்தேன். ஹவாய்க்கு நடந்தது எங்களுக்கும் நடக்கக் கூடாது, ஆற்றையும் கடற்கரையையும் எடுக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பாட்டு. நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டை நான் தமிழில் சொல்லிக்காட்டினால் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

எனக்கு எது கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய எதுகை எனக்குத் தெரியாது. கொச்சை தெரியாது. சொல்லை எங்கே மடித்து எங்கே வெட்டுகிறார் என்பது தெரியாது, ராப்பில் பாதி அதுதான். கிளிப்ஸ் சகோதரர்கள் 16 வருடத்துக்குப் பிறகு சேர்ந்து செய்த 'லெட் கோட் சோர்ட் எம் அவுட்' அல்பத்தின் முதல் பாட்டில், தம்பிக்காரர் தாயோடு கடைசியாகக் கதைத்ததைச் சொல்கிறார், தமையன்காரர் தகப்பனோடு கதைத்ததைச் சொல்கிறார். அதில் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் போய்ச் சேர்ந்தது, அதனால் சொல்லைப் பற்றியே இரண்டு பந்தி எழுதினேன். பாட் பன்னியைப் பற்றி அப்படி ஒரு வரி கூட நான் எழுதவில்லை, திரும்ப வாசித்துப் பாருங்கள். (அண்ணன் தம்பி சேர்ந்து பாடுவது என்றால் இந்த ஊருக்கு எப்பவும் பரமேஷ், கோணேஷ்தான் முதலில் ஞாபகம் வரும். அதைப் பற்றித் தனியாக எழுத ஆசை.)

டெய்லர் ஸ்விஃப்டுக்கு ஏன் இரண்டு வரி என்றால், முந்தின வருடம் 31 பாட்டோடு வந்தவர் இந்தத் தரம் 12 பாட்டில், 41 நிமிடத்தில் முடித்திருக்கிறார். அந்த அளவு எனக்குப் பிடித்தது, பாட்டுகள் மனதில் தங்கவில்லை. அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

இனி கீஸ்.

2015 ஜூலையில் இருந்து உலகம் முழுக்கப் புதிய அல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளிவருகின்றன. அதனால் வெள்ளி கேட்டு ஞாயிறு எழுதுவது என் வழக்கமாகிவிட்டது. 'கெட்டிங் கில்ட்' வந்தது 2025 செப்டெம்பர் 26. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டான 'ட்ரினிடாட்'டைப் போட்டேன். மெல்லிய முணுமுணுப்பாகத் தொடங்கியது. பிறகு ஒரு இடத்தில் அந்தப் பெடியன் தன் காருக்குள் குண்டு இருக்கிறது என்று கத்தினான்.

2006 ஏப்ரல் 12, வருஷப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி, எங்கள் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. நான் மூன்று வீதி தள்ளி ஒரு கம்பியூட்டர் வகுப்பில் இருந்தேன். சத்தம் காதில் விழ முந்தி யன்னல் கண்ணாடி நடுங்கியது. அம்மா சந்தைக்குத்தான் போயிருந்தா. அதற்குப் பிறகு கடைகள் எரியத் தொடங்கிவிட்டன, வீதியில் இறங்க ஏலாது. பின்னேரம்தான் அம்மா வந்து சேர்ந்தா. கையில் பை இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்து, முருங்கைக்காய் வாங்கினேன், எங்கேயோ விட்டுவிட்டேன் என்றுதான் முதலில் சொன்னா.

அந்தப் பாட்டை நான் அங்கேயே நிறுத்தினேன். நிறுத்தியது பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருந்து 'கூச்சல்' என்று எழுதினேனே, அது பிழை. என் உடம்புக்கு நடந்ததை அவர்களின் இசையின் குற்றமாக எழுதிவிட்டேன். மார்கழித் தொகுப்பிலும் அதையே தூக்கிப் போட்டேன். ஸ்பானிஷில் ஒன்றும் விளங்காமல் கேட்டபோது இந்த ஊர்தான் எனக்கு அந்த அல்பத்தைத் திறந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் விளங்கியபோது அதே ஊர் கதவைச் சாத்திவிட்டது. கதிரையைப் பற்றி எழுதியவள் சந்தையைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் உங்களைப் போல ஒருவர், அது அக்காவின் காது, என் காது வேறு என்று தெரிந்துகொண்டு வாசிக்கலாம். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அதை நான்கு தரம் கேட்டேன், பகலில், வீட்டில் ஆட்கள் நடமாடும்போது. கீஸ் பாடகர் காமரன் வின்டரின் குரலை நான் குழறல் என்று நினைத்திருந்தேன். விடிய விடியக் கூத்துப் பாடித் தொண்டை கட்டிப்போன அண்ணாவியார், விடியப்புறத்தில் ஒரு தருவை எடுக்கிறபோது குரல் உடைந்து, உடைந்த இடத்தில் இருந்தே மேலே ஏறுமே, அது இது. ஹிப் ஹொப்பில் பெயரெடுத்த கெனத் புளூம் குழுவோடு சேர்ந்து தயாரித்ததாலோ என்னவோ, மேளம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. 'டக்ஸஸ்' என்ற பாட்டில் முதல் பாதி முழுக்க அடியும் குரலும்தான். பிறகு கிட்டார்கள் வருகிற இடத்தில் மழை விட்டு வெயில் அடித்த மாதிரி எல்லாம் பளிச்சென்று ஆகிறது. அந்த இடத்துக்காக மட்டும் திரும்பப் போட்டேன்.

போன சனிக்கிழமை இரவு டச்சுக்குடாவுக்கும் போனேன். கச்சான் வண்டிகள் போகிற நேரம். நீங்கள் சொன்ன கடைசிப் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, நிற்கவே விடாமல். முடிகிறபோது நான் எழும்பி நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை.

தொகுப்பில் இருந்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இந்தப் பதிலுக்கு இணைப்புப் போட்டிருக்கிறேன். இனிக் குறிப்புகள் அல்பம் வந்து இரண்டு கிழமை கழித்துத்தான் வரும். 'கெட்டிங் கில்ட்' இப்போது என் போனில் இருக்கிறது, இரண்டாவது பாட்டான 'கோப்ரா'வில் இருந்து. 'ட்ரினிடாட்' இன்னும் ஏலாது, தம்பி.

அன்புடன்,
அக்கா