டிடி-டிஎஃப்டி கணக்கில் போர்ஃபிரினுக்கு இரண்டு கியூ பட்டைதான் வருகிறது; ஃபங்ஷனலை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். டிடி-டிஎஃப்டி என்பது மூலக்கூறு எந்த ஆற்றலில் ஒளியை உறிஞ்சும் என்று கணிக்கும் குவாண்டம் முறை; ஃபங்ஷனல் அதில் நாம் தேர்ந்தெடுக்கும் தோராயச் சூத்திரம்; கியூ பட்டைகள் போர்ஃபிரின் என்ற வளைய மூலக்கூறு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காட்டும் வலுவற்ற உறிஞ்சல்கள். நீங்கள் நான்கு ஃபினைல் வளையம் ஒட்டிய டெட்ராஃபினைல் போர்ஃபிரினின் டொலுயீன் நிறமாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 515, 549, 591, 647 நானோமீட்டர் பட்டைகளில் மீதி இரண்டைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நான்கும் நான்கு எலக்ட்ரான் நிலைகள் அல்ல. நடுவிலுள்ள நான்கு நைட்ரஜன்களில் எதிரெதிரான இரண்டில் மட்டுமே ஹைட்ரஜன் இருப்பதால் எக்ஸ், ஒய் திசைகள் வேறாகின்றன. ஆகவே இரண்டு நிலைகள். 647 எக்ஸ் நிலை, 591 அதோடு ஓர் அதிர்வு சேர்ந்தது. ஒய்க்கு 549-உம் 515-உம் அப்படியே. துத்தநாகத்தை நடுவில் வைத்தால் இரு திசையும் சமமாகி 588, 549 என இரண்டே பட்டைதான் மிஞ்சும். அணுக்களை அசையாமல் வைத்துப் போடும் செங்குத்துக் கிளர்வுக் கணக்கில் அதிர்வே கிடையாது, எந்த ஃபங்ஷனல் போட்டாலும்.

கியூ நிலைகளின் ஆஸிலேட்டர் வலிமை, அதாவது உறிஞ்சலின் பலம், பூஜ்யத்தை ஒட்டி வருவதும் பிழையல்ல. கௌட்டர்மனின் நான்கு ஆர்பிட்டால் மாதிரிப்படி இரண்டு தாவல்களின் இருமுனைகள் ஊதாப் பக்கத்தில் வரும் வலுவான சோரே பட்டையில் கூடுகின்றன, கியூவில் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அதிர்வுதான் சோரேயிடமிருந்து வலிமையைக் கடன் வாங்கித் தருகிறது. அதனால் தாவலின் வலிமை அதிர்வால் மாறாது என்று கொள்ளும் ஃபிராங்க்-காண்டன் மட்டும் போதாது, அந்த மாற்றத்தையும் சேர்க்கும் ஹெர்ஸ்பெர்க்-டெல்லர் பகுதியும் வேண்டும்.

முதலில் ஃபினைல் இல்லாத 38 அணு போர்ஃபினில் போட்டுப் பாருங்கள். 108 அதிர்வுகள், அந்த மாற்றத்தை அளக்க ஒவ்வொன்றின் வழியிலும் அணுக்களை இருபுறமும் நகர்த்தினால் 216 டிடி-டிஎஃப்டி கணக்கு. டெட்ராஃபினைலுக்கு இதுவே 456. போதாக்குறைக்கு ஃபினைல்கள் சுழலும் தாழ்ந்த அதிர்வுகளில், அதிர்வைச் சுருள்வில் போலக் கொள்ளும் ஹார்மோனிக் தோராயமே உடைந்துவிடும். ஃபினைலை வளையத்தோடு ஒரே தளத்தில் படுக்கவைத்து ஆப்டிமைஸ் செய்யத் தொடங்கினால் சமச்சீரில் மாட்டிக்கொண்டு கற்பனை அதிர்வெண் வரும்; அது நிலையான வடிவம் அல்ல என்பதன் அடையாளம். 65 பாகை திருப்பி வைத்துத் தொடங்குங்கள். இரண்டு ஹைட்ரஜனும் தவறிப்போய் எதிரெதிரே இல்லாமல் அடுத்தடுத்த நைட்ரஜனில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சோரேயும் வேண்டுமென்றால் குறைந்தது பத்து நிலைகளாவது கேளுங்கள்.

கேம்-பி3எல்ஒய்பி என்ற ஃபங்ஷனலைப் போடச் சொல்லி யாராவது கருத்திடுவார்கள். ஒய்டி2-ஓ-சி8 போன்ற சூரியக்கலச் சாயங்களில் மின்னூட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது, அங்கே அது அவசியம். அதை நான் மறுக்கவில்லை. இங்கே கேள்வி அதுவல்ல.

0.3 எலக்ட்ரான்வோல்ட் அகலத்தில் கணக்கில் வந்த கோடுகளைப் பூசிவிட்டு 'சோதனையோடு நன்கு ஒத்துப்போகிறது' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது. 591-க்கும் 647-க்கும் இடைவெளியே 0.18 எலக்ட்ரான்வோல்ட்தான். அந்த அகலத்தில் இரண்டும் ஒரே மேடாகிவிடும்.