இறக்கிப் பார்த்தால்தான் தெரியுமா?

இந்த வாரம் பிக்கப் வண்டிக்காரர்களின் கடிதங்களே அதிகம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: பொலேரோ பிக்கப்பில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். மேட்டில் இழுவை இல்லை, கறுப்புப் புகை வருகிறது. "இன்ஜினை இறக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு ஆகும்னு தெரியும்" என்கிறார் மெக்கானிக். இறக்கச் சொல்லலாமா?

பதில்: இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். கறுப்புப் புகை என்றால் எரியும் டீசலுக்குக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் ஹோஸ் கிழிந்திருக்கலாம், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றிருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம். இதில் எதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

நீலப் புகை, ஆயில் குறைவது என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பது. சிலிண்டர் சிலிண்டராகக் கேஜ் வைத்தால் எது தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வண்டி ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்துபாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆயில் பிரஷர் விழுந்து, கிராங்க் பேரிங் தட்டுகிற சத்தம் கேட்டால் சரி, இறக்கத்தான் வேண்டும்.

இறக்குவது லேசான வேலையும் அல்ல. பேட்டரியைக் கழற்றி, கூலன்டையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்து, ஒயரிங், டீசல் பைப், சைலன்சர் பைப் எல்லாவற்றையும் பிரித்து, கியர் பாக்ஸை விடுவித்து, மவுன்ட் போல்ட்டுகளைக் கழற்றிச் செயின் பிளாக்கில் தூக்க வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் கழற்றிய டீசல் பைப் முனைகளை உடனே மூடாவிட்டால், உள்ளே போகிற தூசியே புது இன்ஜெக்டர் செலவு வைத்துவிடும்.

இதெல்லாம் முடிந்தபின் உங்களால் வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. அதற்கப்புறம் பேரம் ஏது? ஆகவே ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்: என்னென்ன டெஸ்ட் பார்த்தார், இறக்கி ஏற்றக் கூலி எவ்வளவு, பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்றால் எவ்வளவு, கூடுதலாக ஒரு பொருள் மாற்றுமுன் போன் செய்வாரா. எழுதித் தரமாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இன்னும் ஓடத்தானே செய்கிறது.

கேள்வி: கிளட்ச் பிளேட் மாற்ற இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: கியர் பாக்ஸை இறக்கினால் போதும். பட்டறையை மாற்றுங்கள்.

கேள்வி: சொந்த வண்டி, நானேதான் வாடகைக்கு ஓட்டுகிறேன். இன்ஜினை இறக்கியபின், முதலில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். நான் சொல்லாத வேலையெல்லாம் செய்திருக்கிறார்கள். பணம் தந்தால்தான் வண்டி என்கிறார்கள். வாடகை வண்டிக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாதாமே?

பதில்: யார் சொன்னது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. நீங்கள் நுகர்வோர்தான். ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: ஒப்புக்கொண்டு செய்த வேலைக்குக் கூலி கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைக்க, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு பட்டறைக்கு உரிமை தருகிறது. அதனால் ஆள் கூட்டிக்கொண்டு போய் வண்டியை இழுத்துவர வேண்டாம். ஒப்புக்கொண்ட தொகையை வங்கி வழியாகச் செலுத்தி, மீதியைத் தர நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள் என்று பட்டறைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்கள். பில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் சோறு. இழந்த வருமானத்தையும் கணக்கெழுதிச் சேருங்கள்.

கேள்வி: வீடியோவில் ஓட்டிக் காட்டிய ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) இன்ஜினுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். பில் இல்லை. வந்த இன்ஜினில் நம்பர் தேய்ந்திருக்கிறது. மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். நம்பர் தானாகத் தேயாது, யாரோ தேய்த்திருக்கிறார்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் காவல் நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள். ஒழுங்கான இன்ஜினை மாற்றினாலே 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். இல்லாத நம்பரை எப்படி ஏற்றுவீர்கள்? பில் கேட்கக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வீடியோவில் ஓடியதும் வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் என்று எதை வைத்து நம்பினீர்கள்? நானும் ரீகண்டிஷன் என்று ஒரு டீசல் பம்ப்செட் வாங்கியிருக்கிறேன், அதில் பெயின்ட் மட்டும்தான் புதிது. ஆனால் நேரில் போய், பில்லோடு ஏமாந்தேன்; பில் இருந்ததால் பாதிப் பணமாவது திரும்பியது. பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துப் போலீசில் புகார் கொடுங்கள்.

கேள்வி: கனடா, ஸ்கார்பரோவில் இருக்கிறேன். பழைய டாட்ஜ் ராம் 2500 பிக்கப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின். கராஜில் நானே இன்ஜினை எடுக்க 2 டன் ஹாய்ஸ்ட் (தூக்கும் கருவி) வாங்கினேன். போதும்தானே?

பதில்: அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் அரை டன் வரும். ஹாய்ஸ்டின் கையை உள்ளே இழுத்து வைத்தால்தான் 2 டன். முழுக்க நீட்டினால் பெரும்பாலும் அரை டன்தான் தாங்கும். ஹாய்ஸ்டின் கையிலேயே ஓட்டைக்கு ஓட்டை எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கும், படியுங்கள். அந்த வண்டிக்குக் கையை நீட்டாமல் எட்டாது. கியர் பாக்ஸையும் சேர்த்துத் தூக்க நினைக்கவே வேண்டாம். அதைவிடப் பெரியதாக வாடகைக்கு எடுங்கள். விலை குறைவு என்று நான் வாங்கிய ஹைட்ராலிக் ஜாக்கில் ராத்திரி தூக்கி வைத்தது காலையில் தானாக இறங்கியிருக்கும். தொங்குகிற இன்ஜினுக்கு அடியில் கைகூட வைக்காதீர்கள்.

கேள்வி: கழற்றிய பழைய பிஸ்டன், பேரிங்கையெல்லாம் பட்டறையிலேயே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கேட்டு வாங்குங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. தர மறுத்தால், புதுசு போட்டதாகச் சொன்னதை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.