யமாத்தோ ஹோட்டல் எது?

கேள்வி: என் பாட்டி யுத்தக் காலத்தில் ரங்கூனில் இருந்தவர். ஆற்றங்கரையில் இருந்த "யமாத்தோ ஹோட்டல்" பற்றி அடிக்கடி சொல்வார். பலரிடம் விசாரித்தேன், அப்படி ஒரு ஹோட்டலே கிடையாது என்கிறார்கள். பாட்டி பெயரை மாற்றிச் சொல்லியிருப்பாரா?
– ஒரு வாசகி, பீகு

பதில்: பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. அது ஸ்ட்ராண்ட் ஹோட்டல். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் வந்த பிறகு, டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் நிறுவனம் அதை எடுத்து நடத்தியது. பெயரும் யமாத்தோ ஆனது. 1945 மே மாதம் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்தப் பெயர் போய்விட்டது. மூன்றே வருஷம் இருந்த பெயர் அது. அதுவே வாயில் நின்றுவிட்டது என்றால், அந்த மூன்று வருஷமும் பாட்டி இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி குண்டு விழுந்த பிறகு நம் ஆட்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள், பெரும்பாலும் கால்நடையாக. உங்கள் பாட்டி ஏன் கிளம்பவில்லை, யாரோடு தங்கினார்? வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

ஹோட்டல் திறந்தது 1901இல். நடத்தியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள், ஈரானின் இஸ்பஹானிலிருந்து வந்த ஆர்மீனியர்கள். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டலும் சிங்கப்பூரின் ராஃபிள்ஸும் அவர்கள் ஆரம்பித்தவைதான். அவர்களில் ரங்கூனைப் பார்த்துக்கொண்டவர் அவியட். 1925இல் ஹோட்டல் வேறு கைக்குப் போனது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே வெள்ளையர் மட்டுமே தங்க முடியும். 1931 குடிக்கணக்குப்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்; அந்த வாசல் அவர்களுக்கும் இல்லை, பர்மியர்களுக்கும் இல்லை. ஹோட்டல் கதை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர். "அந்த வெள்ளைக் கட்டடம் கண்ணுக்குத் தெரிஞ்சாலே மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சிடுவோம்" என்பார். அவருக்கு ஸ்ட்ராண்ட் ஹோட்டல் என்றால் அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்ட்ராண்ட் ஹோட்டலைப் புதுப்பித்ததில் பழையது ஏதாவது மிஞ்சியதா?
– ஒரு வாசகர், மோல்மீன்

பதில்: கட்டடம் மிஞ்சியது. என் கணக்கில் அதுவே பெரிது. 1962க்குப் பிறகு ஹோட்டல் அரசாங்கத்தின் கையில் இருந்தது, பராமரிப்பு இல்லாமல் வருஷக்கணக்கில் சோர்ந்து கிடந்தது. அப்புறம் அமன் ஹோட்டல்களைத் தொடங்கிய ஆட்ரியன் செக்கா எடுத்துச் சீர்செய்து, 1993இல் மறுபடி திறந்தார். அறைகளைச் சேர்த்துப் பெரிதாக்கி 32 சூட் ஆக்கினார்கள். 2016இல் சில மாதம் மூடி இன்னொரு முறை வேலை நடந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு இந்த ஊரில் எத்தனையோ பழைய கட்டடங்களை இடித்தார்கள். இது தப்பித்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

1994இல் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். தேக்கு, உயரமான கூரை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி எல்லாம் நன்றாக இருந்தன. அப்பா எதையும் பார்க்கவில்லை. ஆறு தெரிகிற ஜன்னல் எது என்று பரிமாறுகிற பையனிடம் பர்மிய மொழியில் கேட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் துறைமுகக் கொட்டகைகள்தான் தெரிந்தன. டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெட்டி இவ்வளவு கிட்டவா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி: தாத்தாவின் பழைய கடிதங்களில் மொகல் தெரு, பிரேசர் தெரு என்று விலாசம் இருக்கிறது. எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், தட்டோன்

பதில்: மொகல் தெரு இப்போது ஷ்வே போன்தா. செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கியும் இருந்த கிட்டங்கிகள் அந்தத் தெருவில்தான் இருந்தன. பிரேசர் தெரு இப்போது அனாவ்ரதா. 1871இல் கட்டிய நம் காளியம்மன் கோயில் அதில்தான் இருக்கிறது. டல்ஹவுசி தெரு மகாபண்டூலா ஆகிவிட்டது. வந்தால் கடிதத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். பழைய வீடுகளில் கதவிலக்கம் மாறாமல் இருந்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.