'தெனேமோஸ் கே இர்' என்று அழைத்தால் ஏன் தயங்குகிறார்கள்?

வணக்கம். மாட்ரிட் அலுவலக நண்பர்களை ஸ்பானிஷில் 'தெனேமோஸ் கே இர் அல் பிராதோ' (பிராதோ அருங்காட்சியகத்துக்கு நாம் போக வேண்டும்) என்று அழைத்ததும் அவர்கள் தயங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இலக்கணம் சரிதான். ஆனால் நீங்கள் கேட்ட தொனியில் அது 'போயே ஆக வேண்டும்' என்று ஒலித்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் யாருக்குப் பிடிக்கும்?

'இ சி பாமோஸ் அல் பிராதோ?' என்று கேட்டுப் பாருங்கள். 'போனால் என்ன?' என்கிற நம் இழுவை அப்படியே அதில் இருக்கிறது. மறுக்கவும் இடம் இருக்கிறது. ஒருவரை மட்டும் அழைப்பதென்றால், 'தே அபெத்தேத்தே இர் அல் ரெத்தீரோ?' என்று கேளுங்கள். ரெத்தீரோ பூங்காவுக்குப் போக விருப்பமா என்று பொருள். ஸ்பெயினில் நாள் முழுக்கக் காதில் விழும் கேள்வி இது. பெரு, கொலம்பியா பக்கம் இதற்கே 'தே ப்ரொவோகா' என்பார்கள். இப்போதைக்கு அது உங்களுக்கு வேண்டாம்.

ஆண்பால் இடப்பெயருக்கு முன் 'அ' (நம் 'க்கு'), 'எல்' (ஆங்கில 'the' போன்ற சொல்) இரண்டும் சேர்ந்து 'அல்' ஆகிவிடும். பெண்பாலில் 'எல்' இடத்தில் 'லா' வரும், அது சேராது: 'அ லா பிளாத்தா மயோர்' (பிளாத்தா மயோர் சதுக்கத்துக்கு).

ஆள் சம்மதித்ததும் விட்டுவிடாதீர்கள். 'கெதாமோஸ் அ லாஸ் செய்ஸ் என் லா புவெர்த்தா?' என்று நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்யுங்கள். ஆறு மணிக்கு வாசலில் சந்திப்போமா என்று பொருள். பிராதோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை அனுமதி இலவசம். வரிசை நீளும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே வரச் சொல்லுங்கள்.

'ஓத்ரோ தீயா' என்று பதில் வந்தால், இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார். எந்த நாள் என்று துருவாதீர்கள்.