மார்கழி வாக்கிங்க நிறுத்தணுமா டாக்டர்?

(இது 2022 ஜனவரியில வந்த கேள்வி பதில், இதுல வர்ற ஊரடங்கு, ஊசி, தனிமை விதியெல்லாம் அப்ப இருந்தது.) இந்த வாரம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல வாக்கிங் பத்திதான். கொரோனாவுல ஒமிக்ரான்னு புது வகை வந்து, ராத்திரி ஊரடங்கு போட்டு, ஞாயித்துக்கிழமை முழு அடைப்பும் ஆனதுல எல்லாருக்கும் ஒரே குழப்பம். மத்த கேள்விங்கள அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

கேள்வி (காவேரிப்பட்டணம் வாசகர்): டாக்டர் அம்மா, வணக்கம். நாங்க பதினாலு பேரு. ரிட்டயர்டு வாத்தியாருங்க, மாங்கா மண்டிக்காரரு, பாங்க்ல இருந்தவரு, இப்படி. எட்டு வருஷமா தினமும் காலைல நாலே முக்காலுக்கு ரெண்டு கார்ல கிளம்பி கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் ரோட்டுக்கு போயி ஒரு மணி நேரம் நடப்போம், கடைசியில வட்டமா நின்னு கை தட்டி சிரிப்பு பயிற்சி, அப்புறம் டீ, அப்புறம் வீடு. இப்ப பாதி பேரு நிறுத்திடலாம்னு சொல்றாங்க, பாதி பேரு வெட்டவெளியில என்ன வந்துடப் போவுதுன்னு கேக்குறாங்க, பேச்சு முத்தி சண்டையே ஆயிடுச்சு. எல்லாரும் ரெண்டு ஊசி போட்டாச்சு. ஒருத்தருக்கு மட்டும் கிட்னி மாத்தி நாலு வருஷம் ஆகுது. நீங்க சொன்னா ரெண்டு பக்கமும் கேட்டுக்குறோம்.

பதில்: ஐயா, நடங்க. வாக்கிங்க நிறுத்தாதீங்க. ஆனா நீங்க எழுதுன அந்த ஒரு வரிய நான் மூணு தடவ படிச்சேன், அதுல நடக்குறதுன்னு வர்றது ஒரு துண்டுதான், மீதி காரு, வட்டம், டீக்கடை. உங்க ரெண்டு பக்கமும் வாக்கிங்க வச்சு சண்ட போட்டுட்டு இருக்கீங்க, பயப்பட வேண்டியது மத்த மூணுக்கும்.

நாளைக்கு காலைல ஒண்ணு பண்ணிப் பாருங்க. இந்தக் குளிர்ல லைட் கம்பத்துக்கு கீழ நின்னு பேசுனா வாயில இருந்து புகை மாதிரி வரும் பாருங்க, அத கவனிங்க. சும்மா மூச்சு விட்டா கொஞ்சமா வருது, சத்தமா பேசுனா அடுத்த ஆளு மூஞ்சி வரைக்கும் போகுது, வாய்விட்டு சிரிச்சா கொத்தா கிளம்புது. ரெண்டு அடி போயி கண்ணுக்கு மறைஞ்சிடும், ஆனா மறைஞ்சதால இல்லாம போச்சுன்னு அர்த்தம் இல்ல, தண்ணி காஞ்சுடுது, அதுல இருந்த பொடித் துகள் காத்துல மிதந்துகிட்டுதான் இருக்கும். இந்த வைரஸ் பரவுறது பெரும்பாலும் இப்படித்தான். வெளியில அது நீத்துப்போக வானம் வரைக்கும் இடம் இருக்கு, மூடுன இடத்துல இல்ல. பூஜை ரூம்ல சாம்பிராணி போட்டா எவ்வளவு நேரம் நிக்குது, அதையே வயக்காட்டுல போட்டா எவ்வளவு நேரம் நிக்கும், நினைச்சுப் பாருங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது என் யூகம் இல்ல. 2020 ஆரம்பத்துல சீனாவுல, வுஹான் இருக்குற ஹூபே மாகாணத்த விட்டுட்டு மத்த ஊருங்கள்ல 7,324 நோயாளிங்களோட விவரத்த எடுத்து யாருக்கு எங்க தொத்திக்கிச்சுன்னு பாத்தாங்க. மூணு பேருக்கோ அதுக்கு மேலயோ ஒட்டுன கூட்டுத் தொற்று 318, எல்லாமே நாலு சுவத்துக்குள்ள நடந்தது. வெளியில தொத்துனது ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. அது எப்படின்னா, வுஹான்ல இருந்து ஊருக்கு வந்த ஒருத்தர் கூட ஒரு பையன் வெளிய நின்னு பேசிட்டு இருந்திருக்கான். நடக்கல, நின்னு பேசியிருக்கான். ஒமிக்ரான் அந்தப் பழைய வைரஸ விட பல மடங்கு வேகமா ஒட்டுது, அதனால வெளியிலயே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா எங்க கம்மி எங்க அதிகம்ங்கிற கணக்கு மாறல.

இப்ப உங்க கார எடுத்துக்கோங்க. பதினாலு பேரு ரெண்டு கார், ஒரு கார்ல ஏழு பேரு. மார்கழி குளிருக்கு கண்ணாடிய ஏத்திட்டு, ராத்திரி பாத்த நியூஸ பேசிக்கிட்டே கால் மணி நேரம். ஒருத்தருக்கு இருந்தா போதும், டேம் ரோட்டுல இறங்குறதுக்கு முன்னாடியே மத்த ஆறு பேருக்கும் மூக்குல ஏறியிருக்கும், அப்புறம் ஒரு மணி நேரம் நல்ல காத்துல நடந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க. அதனால கார விட்டுடுங்க. அவங்கவங்க தெருவுல இருந்து நடக்க ஆரம்பிங்க, இல்ல அவங்கவங்க வண்டியில வாங்க, கட்டாயம் கார்தான்னா நாலு கண்ணாடியும் இறக்கி மூணு பேருக்கு மேல வேணாம், மாஸ்க்கோட. நேரத்தையும் மாத்திடுங்க, இந்த 2022 ஜனவரி ராத்திரி ஊரடங்கு காலைல 5 மணி வரைக்கும் இருக்கு, நாலே முக்காலுக்கு கிளம்புறது தப்பு. ஆறு மணின்னு வைங்க, பனியும் கொஞ்சம் விலகும், உங்க வயசுக்கு நெஞ்சுக்கும் அதுதான் நல்லது.

சிரிப்பு பயிற்சி. இத சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா அதுல எவ்வளவு சந்தோஷம் இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா வட்டமா நின்னு எதிர்ல இருக்கறவங்க மூஞ்ச பாத்து அடிவயித்துல இருந்து சிரிக்கறதுன்னா பதினாலு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் மூச்ச ஊதுறதுதான். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல 2020 மார்ச் 10ஆம் தேதி ஒரு பாட்டுக் குழு ரெண்டரை மணி நேரம் ஹாலுக்குள்ள பாடிப் பழகுனாங்க. 61 பேரு வந்ததுல ஒருத்தருக்கு லேசா சளி இருந்துச்சு, அவ்வளவுதான். 53 பேரு படுத்தாங்க, ரெண்டு பேரு இறந்தே போயிட்டாங்க. அது ஹாலு, உங்களது ரோடு, ஒண்ணு இல்லதான், ஆனா சத்தமா வாய தொறந்தா எவ்வளவு வெளிய வருதுன்னு புரியணும்னு சொல்றேன். பொங்கல் கழிஞ்சு இந்த அலை இறங்குற வரைக்கும் சிரிப்ப தள்ளி வைங்க, கை தட்டுறது வேணும்னா தட்டுங்க.

டீ வெளிய நின்னு குடிச்சா சரி, தள்ளித் தள்ளி நின்னு. கடைக்குள்ள பெஞ்சுல நெருக்கி உக்காந்து வேணாம்.

நடக்கும்போது பதினாலு பேரும் ரோட்ட அடைச்சுகிட்டு கொத்தா போகாம ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சுக்கோங்க, முன்னாடி ஜோடிக்கும் பின்னாடி ஜோடிக்கும் ஒரு லைட் கம்பத்து தூரம் விடுங்க. தினமும் அதே ஜோடி. ஒருத்தருக்கு வந்தாலும் ஒருத்தரோட நிக்கும்.

கிட்னி மாத்தினவர பத்தி தனியா சொல்லணும். மாத்தி வச்ச கிட்னிய உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு அவரு தினமும் எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திர சாப்பிடுறாரு, அதனால உங்களுக்கு ரெண்டு ஊசி குடுக்குற பலம் அவருக்கு கிடைச்சிருக்கும்னு நம்ப முடியாது. அவரு இந்த மூணு நாலு வாரம் குரூப்போட வேணாம். வீட்டுக்காரம்மாவோட நடக்கட்டும், இல்ல உங்கள்ல ஒரே ஒருத்தர் அவரோட, ரெண்டு பேரும் என்95 போட்டுகிட்டு, வேற வழியில. அவர விட்டுட்டு வந்தோம்னு நினைக்க வேணாம், சாயங்காலம் போன் பண்ணி அரை மணி நேரம் பேசுங்க. 60 வயசுக்கு மேல, வேற வியாதியும் இருக்குன்னா 2022 ஜனவரி பத்தாம் தேதியில இருந்து முன்னெச்சரிக்கை டோஸ், அதாவது மூணாவது ஊசி, போடுறாங்க, ரெண்டாவது ஊசிக்கு 9 மாசம் முடிஞ்சிருக்கணும். அவருக்கு முடிஞ்சிருந்தா கிட்னி டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு உடனே போடச் சொல்லுங்க.

அப்புறம் உங்க கடிதத்துல இல்லாத ஒண்ணு. எல்லா வாக்கிங் குரூப்லயும் ஒரு பழக்கம் இருக்கும், ஒருத்தர் ரெண்டு நாள் வரலன்னா வீட்டு வாசல்ல போயி நின்னு "என்னண்ணா, போர்வைய விட்டு வெளிய வரலையா"ன்னு கூப்புடுவோம். அந்த உரிமைதான் குரூப்ப எட்டு வருஷம் நடத்துது. ஆனா இந்த மாசம் அந்தக் கூச்சத்துலயே தொண்ட கரகரன்னு இருந்தாலும் மாத்திர போட்டுட்டு வந்துடுவாங்க. ஒமிக்ரான் பல பேருக்கு தொண்ட வலி, மூக்கொழுகல், உடம்பு வலியாதான் ஆரம்பிக்குது, மார்கழி சளின்னே தோணும். அதனால எல்லாரும் கூடி பேசி முடிவு பண்ணுங்க, தும்மல் வந்தாலும் வீட்டுலதான், யாரும் கேலி பண்ணக் கூடாது, வராதவருக்கு யாராவது போன் பண்ணியே ஆகணும்.

ஏன் நிறுத்த வேணாம்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2020ல நிறுத்திப் பாத்துட்டோம். மே மாசம் ஆரம்பத்துல தமிழ்நாட்டுலயே நோய் இல்லாத பச்சை மண்டலம்னு இருந்தது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் ஒண்ணுதான், அப்பவும் எல்லாரும் வீட்டுக்குள்ளதான் கிடந்தோம், அது அப்ப சரிதான், நோயப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா ஊரடங்கு தளர்ந்து என்கிட்ட வந்தவங்கள பாக்கணுமே. சுகர் 140ல வச்சிருந்த வாத்தியாரு 290ல வந்தாரு, முட்டி பிடிச்சுக்கிட்டு படி ஏற முடியாம ஒரு அம்மா, ராத்திரி தூக்கமே இல்லன்னு எத்தன பேரு. வயசானவங்க கால் ஒரு தடவ வலு போச்சுன்னா திரும்ப கொண்டாறது சாமானியம் இல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் நடை, நோயாளிங்களுக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்காங்க, அத தனியா நடந்து முடிக்கறவங்க ரொம்ப கம்மி. கூட ஆள் இருந்தாதான் காலைல எந்திரிக்கவே தோணும்.

என்கூட பதினோரு வருஷம் நடந்த அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. போன வருஷம் ஏப்ரல்ல ஒரு நாள் மழையில நனைஞ்சிட்டோம், ஷூவ எங்க வீட்டுத் திண்ணையில காய வச்சிட்டு என் செருப்ப மாட்டிகிட்டு போனாங்க. அடுத்த வாரம் சொந்தத்துல ஒரு விசேஷம், மண்டபத்துக்குள்ள முந்நூறு பேரு, ஏசி, பந்தி. மே மாசம் அவங்க இல்ல. வாக்கிங்ல எங்க யாருக்கும் வரல. அந்த ஷூ இன்னும் திண்ணையிலதான் இருக்கு, எடுக்க எனக்கு மனசு வரல. அதனாலதான் ஐயா சொல்றேன், பயத்த சரியான இடத்துல வைங்க. ரோட்டுல நடக்க பயந்துட்டு பொங்கலுக்கு அப்புறம் தை மாச கல்யாண மண்டபத்துல போயி உக்காந்துடாதீங்க.

கேள்வி (ஓசூர் வாசகி): அபார்ட்மெண்ட்ல ஆறாவது மாடி. வெளிய போனா ஆபத்துன்னு நாங்க எட்டு பொண்ணுங்க மாடி காரிடார்லயே நடக்குறோம். இது பாதுகாப்புதானே டாக்டர்?

பதில்: இல்லம்மா, தலைகீழா பண்றீங்க. ரெண்டு பக்கமும் கதவு, நடுவுல காத்து போகாத காரிடார், எட்டு பேரோட மூச்சு. கீழ இறங்கி கட்டடத்த சுத்தி நடங்க, இல்ல மொட்டமாடி. இறங்குறதுக்கு படிக்கட்டு, லிஃப்ட்ல ஏறித்தான் ஆகணும்னா மாஸ்க்கோட, பேசாம.

கேள்வி (தர்மபுரி வாசகர்): டாக்டர், நாங்க ஃபிரண்ட்ஸ் பன்னெண்டு பேரு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மலை ஏறப் போவோம். இந்த தடவ வேன் எடுத்து வத்தல்மலை போயி காபி தோட்டம் பாத்துட்டு நடந்து சுத்தலாம்னு பிளான். எல்லாருக்கும் 25 வயசுக்குள்ள. எங்களுக்கு வந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?

பதில்: தம்பி, இந்த 2022 ஜனவரியில ஞாயித்துக்கிழமை முழு அடைப்பு, அதனால அந்தப் பேச்சே இல்ல. வேற நாள்னாலும் வேன் வேணாம், மலை மேல காத்து எவ்வளவு சுத்தமா இருந்தாலும் பன்னெண்டு பேரு வேனுக்குள்ள ஒட்டிக்கிட்டுதான் மேல போவீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாம போகலாம், பெரும்பாலும் ஆகாது. ஆனா நீங்க திரும்பி வர்றது யாரு இருக்குற வீட்டுக்கு? பாட்டி இருக்காங்களா, சுகர் இருக்குற அப்பா இருக்காரா? அதுவும் இல்லாம மலை மேல இருக்குற சனங்களுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு அத்தன தூரம் கீழ இறங்கணும், நாம ஊர் சுத்தப் போயி அவங்களுக்கு குடுத்துட்டு வரக்கூடாது. மலை எங்கயும் போகாது, பிப்ரவரி மார்ச்ல நிலவரம் பாத்துட்டு பைக்ல ஒவ்வொருத்தரா போங்க.

கேள்வி (அரூர் வாசகர்): எனக்கு 46 வயசு. பாசிடிவ் வந்து வீட்டுலயே தனியா இருந்து இப்ப சரியாயிடுச்சு. என்னிக்கு இருந்து வாக்கிங் குரூப்புல சேரலாம்?

பதில்: இந்த 2022 ஜனவரி விதிப்படி டெஸ்ட்ல பாசிடிவ் ஆன நாள்ல இருந்து 7 நாள், அதுலயும் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாம இருந்தா தனிமை முடிஞ்சுது. ஆனா தனிமை முடியறது வேற, உடம்பு தயாராகறது வேற. எந்தத் தொந்தரவும் இல்லாம ஒரு வாரம் போகட்டும், அப்புறம் மெதுவா பத்து நிமிஷம், கால் மணி நேரம்னு ரெண்டு வாரத்துல ஏத்துங்க. குரூப்புல சேந்தா அவங்க வேகத்துக்கு ஓடுவீங்க, அதனால முதல் ரெண்டு வாரம் தனியா.

வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒண்ணு பாத்துடுங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் அளவு குறிச்சுக்கோங்க, 6 நிமிஷம் வீட்டுக்குள்ளயே நடங்க, திரும்ப பாருங்க. 93க்கு கீழ போனாலோ, முன்ன இருந்தத விட 3க்கு மேல இறங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ டாக்டர பாருங்க. இந்தக் குளிர்ல விரல் ஜில்லுன்னு இருந்தா கருவி தப்பா காட்டும், கைய நல்லா தேச்சு சூடு பண்ணிட்டு மாட்டுங்க. நெஞ்சு வலி, படபடப்பு, கண்ணு இருட்டிட்டு வர்றது இதுல எது வந்தாலும் நடக்குறத அங்கயே நிறுத்தி அன்னைக்கே காட்டணும்.

கேள்வி (பாலக்கோடு வாசகி): மாமியாருக்கு 68 வயசு. தெருப் பொம்பளைங்களோட கோயில் வரைக்கும் நடந்துட்டு வருவாங்க. மாஸ்க் போட்டுட்டு நடந்தா ஆக்சிஜன் குறைஞ்சிடும்னு யாரோ சொன்னத கேட்டு தாடையிலதான் மாட்டிக்கிறாங்க.

பதில்: குறையாதும்மா. அவங்க நடக்குற வேகத்துக்கு மாஸ்க்கால ஆக்சிஜன் குறையாது, நம்பலன்னா ஆக்சிமீட்டர மாட்டி அவங்க கண்ணுக்கே காட்டுங்க. ஆஸ்துமா மாதிரி நுரையீரல் வியாதி இருந்தா மட்டும் டாக்டர கேட்டுக்கோங்க. ரோட்டுல பக்கத்துல ஆளே இல்லாதப்ப இறக்கி விட்டுக்கட்டும், ஆளுங்களோட பேசும்போது மூக்கு மேல இருக்கணும், கோயிலுக்குள்ள கட்டாயம் இருக்கணும் (இந்த 2022 பொங்கல் அஞ்சு நாளும் கோயில் மூடியிருக்கும், அத முன்னாடியே சொல்லிடுங்க, நடந்து போயி ஏமாந்து வரவேணாம்). வியர்வையிலயும் பனியிலயும் மாஸ்க் நனைஞ்சா மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், அதத்தான் ஆக்சிஜன் குறையுதுன்னு நினைச்சுக்குறாங்க. இன்னொரு மாஸ்க் இடுப்புல சொருகிக்கிட்டு போகச் சொல்லுங்க, பேப்பர் கவர்ல மடிச்சு, பிளாஸ்டிக் வேணாம், ஈரம் நிக்கும்.